மகள் அறையை விட்டு வெளியே வருவதில்லை, யாரிடம் போவது?

ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்குப் பதினான்கு வயது. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் வயிற்றுவலி என்கிறாள். பள்ளி இல்லாத நாளில் வலி இல்லை. தோழிகளோடு பேச்சு நின்றுவிட்டது. நள்ளிரவு தாண்டியும் அறையில் விளக்கு எரிகிறது. பள்ளியின் கவுன்சலர், மனநல உதவிக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். யாரிடம் போவது, அங்கே என்ன செய்வார்கள், உடனே மாத்திரை கொடுத்துவிடுவார்களா, அவள் சொல்வதை எங்களிடம் சொல்வார்களா, வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது? கடைசியாக ஒரு வரி: "இது அந்த அளவுக்குப் பெரிய விஷயமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?"

பல வருடங்களாகப் பிள்ளைகளோடும் இளைஞர்களோடும் உளவியலாளராக வேலை பார்த்து வருகிறேன். அந்தக் கடைசி வரியைக் கேட்காத பெற்றோர் மிகக் குறைவு. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பொறுத்துப் பார்க்க வேண்டாம். உங்கள் மகளுக்கு ஆபத்து என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "பெரிய விஷயம்" ஆனபிறகுதான் உதவி கேட்க வேண்டும் என்ற எண்ணம், சின்னதாக இருக்கும்போதே சரிசெய்யக்கூடிய காலத்தை விழுங்கிவிடுகிறது. நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: பிள்ளையின் நாள் சுருங்குகிறதா? தூக்கம், சாப்பாடு, நட்பு, படிப்பு, அவளுக்குப் பிடித்த ஏதோ ஒன்று. இவற்றில் ஒன்று சில நாள் ஆட்டம் காண்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கும். இரண்டு மூன்று சேர்ந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் போய்ப் பார்க்க அதுவே போதும். நீங்கள் எழுதியதில் தூக்கம், நட்பு, பள்ளி மூன்றுமே இருக்கின்றன.

வயதும் ஒரு காரணம். மனநலச் சிக்கல்கள் எந்த வயதில் தொடங்குகின்றன என்று பார்த்த 192 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் ஒரு பெரிய அறிக்கை வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 14 வயதுக்கு முன்பும், ஏறக்குறைய பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன. மிக அதிகமாகத் தொடங்கும் வயது பதினான்கரை. 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவர் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பேர் என்றால் ஐந்து பேர். உங்கள் மகள் ஏதோ அபூர்வமான ஒன்றுக்குள் மாட்டிக்கொள்ளவில்லை. நீங்களும் எங்கோ வளர்ப்பில் கோட்டை விட்டுவிட்டதால் இது வந்தது என்று இரவெல்லாம் கணக்குப் போட வேண்டாம்.

முதலில் அவளை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். ரத்தசோகை, தைராய்டு, கண் பார்வை, மாதவிடாய் வலி என்று உடம்பில் ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால், "ஒன்றுமில்லை, நடிக்கிறாள்" என்ற முடிவுக்கு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். பதற்றத்தில் வரும் வயிற்றுவலி உண்மையான வலி. குடலும் மூளையும் நரம்புகளால் பின்னிக் கிடக்கின்றன. பயந்த உடம்பு குடலின் அசைவை மாற்றுகிறது, அது வலிக்கிறது. விடுமுறை நாளில் வலி வராததற்குக் காரணம், அன்று பயம் இல்லை. அவ்வளவுதான்.

சரி, யாரிடம் போவது? பெயர்ப்பலகைகள் குழப்பும். கவுன்சலர் என்பவர் பேசி, கேட்டு, அன்றாடச் சிக்கல்களில் கூட நிற்பவர். பள்ளியில் இருப்பவர் பெரும்பாலும் இந்த வகை. மருத்துவ உளவியலாளர் என்பவர் மதிப்பீடு செய்து, முறையான பேச்சு சிகிச்சை தருபவர். மாத்திரை எழுத மாட்டார். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்துவிட்டு மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர், மருந்து எழுதக்கூடியவர். அவர்களிலும் குழந்தைகளுக்கென்றே தனியாகப் பயிற்சி பெற்றவர்கள் உண்டு. பெரிய மையங்களில் சமூகப் பணியாளர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் என்று ஒரு குழுவே இருக்கும். பிள்ளைகளுக்கான நல்ல சேவை என்றால் அது குழுவாகத்தான் இருக்கும். குழந்தையின் சிக்கலில் வீடு, பள்ளி, உடம்பு, கற்றல் எல்லாம் கலந்துகிடப்பதால் ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்துவிட முடிவதில்லை.

உங்கள் நிலைமையில் இவர்களில் யாரிடம் முதலில் போனாலும் தவறில்லை. எந்தக் கதவு என்று தேடித் தேடி மூன்று மாதம் போவதைவிட, கிட்டத்தில் இருக்கும் கதவைத் தட்டுவது மேல். அந்தக் கதவுக்குள் இருப்பவர், தன்னால் முடியாது என்று தெரிந்தால் அடுத்தவரிடம் கைப்பிடித்துக் கொண்டுபோய் விடுகிறாரா, அல்லது ஒரு காகிதத்தில் பெயரை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறாரா என்பதைப் பாருங்கள். பிள்ளைகள் தொலைந்துபோவது இரண்டு கதவுகளுக்கு நடுவில்தான். என் அனுபவத்தில் நான் வேறெதையும்விட அதிகம் வருத்தப்பட்ட இடம் அது. கீழே அதற்கு மறுபடி வருகிறேன்.

இந்த இடைவெளியை அடைக்க முயன்றவர்களில் எனக்குப் பிடித்த முன்மாதிரி ஆஸ்திரேலியாவின் ஹெட்ஸ்பேஸ். 2006-இல் தொடங்கியது. 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் மனநலம், உடல்நலம், போதைப்பழக்கம், படிப்பு, வேலை என்று எதற்காக வந்தாலும் ஒரே கூரையின் கீழ் உதவி கிடைக்கும். வாசலில் "மனநோய்" என்ற சொல் இருக்காது. உள்ளே நுழைவதற்கு நோயின் பெயர் எதுவும் தேவையில்லை. அயர்லாந்து, கனடா போன்ற நாடுகளிலும் இளைஞர்களுக்கென்று இதே போன்ற மையங்கள் வந்தன. உங்கள் ஊரில் இளைஞர் மையம் என்று ஏதாவது இருந்தால் முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். மருத்துவமனை என்றாலே மிரளும் பிள்ளைகள் அங்கே வந்துவிடுவார்கள்.

உள்ளே என்ன நடக்கும்? முதல் சந்திப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரம். முதலில் எல்லோரும் சேர்ந்து உட்காருவோம், அப்புறம் மகளோடு தனியாக, அப்புறம் உங்களோடு தனியாக. சில இடங்களில் ஒரு படிவம் தருவார்கள். குட்மேன் என்ற மனநல மருத்துவர் 1997-இல் வெளியிட்ட 25 வரிக் கேள்விப்பட்டியல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. மூன்று பேரின் பதிலும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத அந்த இடங்கள்தான் எனக்குப் பல நேரங்களில் அதிகம் சொல்லியிருக்கின்றன. அம்மா "பிடிவாதம்" என்று குறித்த இடத்தில் பிள்ளை "பயம்" என்று குறித்திருக்கும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. பதின்மூன்று வயது. முதல் நாள் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் பள்ளிப்பை. அதன் ஜிப்பை முக்கால்வாசி திறப்பான், மூடுவான். "இங்கே வரணும்னு யாருக்குத் தோணுச்சு?" என்று கேட்டேன். கதவின் பக்கம் தலையை அசைத்தான், வெளியே அப்பா. "உனக்கு?" தோளைக் குலுக்கினான். "சரி, அப்ப உனக்கு இதுல ஒண்ணும் உபயோகம் இல்லாமகூட இருக்கலாம். பாத்துட்டு நீயே சொல்லு" என்றேன். ஜிப் நின்றது. ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளி, காலை எழுந்ததிலிருந்து பள்ளி வாசல் வரை ஒரு கோடு போடச் சொன்னேன், எந்த இடத்தில் உடம்பு இறுகுகிறதோ அங்கே ஒரு புள்ளி. வீட்டுக் கதவில் வைப்பான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பள்ளி வாசலிலும் வைக்கவில்லை. வேனின் மூன்றாவது நிறுத்தத்தில் வைத்தான், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. அங்கே ஏறும் இரண்டு பேர் நான்கு மாதமாக அவனை என்ன செய்து வந்தார்கள் என்பது அதற்கடுத்த சந்திப்பில்தான் வாய்விட்டு வந்தது. வீட்டில் எல்லோரும் அவனுக்குக் கணக்குப் பாடம் பயம் என்று நம்பி டியூஷன் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் முதல் சந்திப்பிலேயே நோயின் பெயரை எதிர்பார்க்காதீர்கள். பெயர் சில நேரம் தேவைப்படும். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க, பள்ளியில் சலுகை கேட்க. ஆனால் இரண்டு மூன்று சந்திப்பு வரை "இன்னும் புரிந்துகொண்டு வருகிறேன்" என்று சொல்பவரை நம்புங்கள்.

அவள் சொல்வதை உங்களிடம் சொல்வார்களா என்ற கேள்விக்கு நேரடியான பதில்: பெரும்பாலானதைச் சொல்ல மாட்டோம், முக்கியமானதைச் சொல்லுவோம். எல்லையை முதல் நாளே பிள்ளை, பெற்றோர் இருவர் முன்னாலும் சொல்லிவிடுவது வழக்கம். அவள் தன்னை ஆபத்தான முறையில் காயப்படுத்திக்கொள்ளக்கூடும் என்றாலோ, இன்னொருவருக்கு ஆபத்து இருந்தாலோ, அவளை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றாலோ ரகசியம் காக்க முடியாது. அப்படிச் சொல்ல நேரும்போதும் அவளுக்குத் தெரியாமல் சொல்ல மாட்டோம். எப்படிச் சொல்வது, நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்று அவளோடு பேசிவிட்டே சொல்வோம். மற்றபடி யாரைப் பிடிக்கும், யாரோடு சண்டை, உங்களைப் பற்றி என்ன கோபம் என்பதெல்லாம் அந்த அறையிலேயே இருக்கும். பெற்றோருக்கு இது கசக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் "உள்ள என்ன பேசின?" என்று கேட்காத பெற்றோரின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் தாங்களாகவே வீட்டில் பேசத் தொடங்குகிறார்கள். 18 வயதுக்குக் கீழே பெற்றோரின் ஒப்புதல் எப்போது தேவை என்பது நாட்டுக்கு நாடு மாறும். முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிகிச்சை என்றால் என்ன? உங்கள் மகளின் கதையைப் படித்தால் எனக்கு முதலில் பதற்றம்தான் தோன்றுகிறது, அதன் ஓரத்தில் மனச்சோர்வும் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது. பதற்றமாக இருந்தால், அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சைக்குத்தான் நல்ல ஆதாரம் உண்டு. பெயர் பயமுறுத்துகிறது, உள்ளே இருப்பது எளிமையானது. பயப்படும் விஷயத்தைத் தவிர்க்கத் தவிர்க்க பயம் கொழுக்கிறது. இன்று பள்ளிக்குப் போகாவிட்டால் பதினொரு மணிக்கு வயிறு சரியாகிவிடும், மனம் லேசாகிவிடும். நாளைக் காலை பயம் இன்னும் ஒரு படி உயர்ந்து நிற்கும். அதை ஒரேயடியாக உடைக்கப் பார்த்தால் பிள்ளை நொறுங்கும். படிப்படியாக இறக்க வேண்டும்.

ஏணி என்று நாங்கள் சொல்வோம். பிள்ளையே பத்துப் படிகள் எழுதுவாள், ஒவ்வொன்றுக்கும் பயத்தின் அளவு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள். ஒரு பெண் எழுதியது நினைவிருக்கிறது: சீருடை போட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்காருவது, இரண்டு. ஞாயிற்றுக்கிழமை பள்ளி வாசல் வரை நடந்துவிட்டுத் திரும்புவது, மூன்று. பள்ளி நாளில் எல்லோரும் உள்ளே போனபிறகு நூலகத்தில் அரை மணி நேரம், ஐந்து. ஒரு பாடவேளை, ஏழு. மதிய இடைவேளையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பது, பத்து. பாடங்கள் எதுவும் பத்துக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவளுடைய இடைவேளைக்கு ஒரு இடமும் ஒரு ஆளும் ஏற்பாடு செய்ய பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்புதான் தேவைப்பட்டது. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும். அங்கேயே நின்றால் இருபது, முப்பது நிமிடத்தில் பெரும்பாலும் தானாக இறங்கத் தொடங்கும். இறங்குவதை அவளே பார்ப்பாள். முழுதாக இறங்காத நாளிலும், "பயத்தோடயே அங்க நின்னுட்டேன்" என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். வெறும் அறிவுரையால் இந்த இரண்டையும் கொடுத்துவிட முடியாது.

இதில் உங்கள் பங்கு பெரியது. அவள் வரவே மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கேட்டீர்களே, அதற்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது: நீங்கள் போங்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் பதற்றமுள்ள பிள்ளைகளின் பெற்றோரை மட்டும் வைத்துச் செய்யும் ஒரு சிகிச்சையை உருவாக்கினார். 2020-இல் வெளியான ஆய்வில், 7 முதல் 14 வயது வரையான 124 பிள்ளைகளின் குடும்பங்கள் கலந்துகொண்டன. ஒரு பிரிவில் பிள்ளைக்கே பேச்சு சிகிச்சை. இன்னொன்றில் பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைக்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. முடிவில் இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள்.

அந்தப் பயிற்சியின் சாரம் இரண்டு விஷயம். பிள்ளையின் பயத்துக்காக வீடு எங்கெல்லாம் வளைந்துகொடுக்கிறது என்று பார்த்து, அதை மெல்லக் குறைப்பது. கூடவே, "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, உன்னால தாங்க முடியும்னும் தெரியுது" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது. நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் இரண்டாவது பாதியை மட்டும் சொல்லிக் கத்துகிறோம். காலை ஏழு மணிக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்வது எளிதில்லை. அதைத்தான் அங்கே பழக்குகிறார்கள்.

சின்னக் குழந்தைகளின் கோபம், அடித்தல், அடம் போன்றவற்றுக்கும் இதுதான். முதல் சிகிச்சை பெற்றோர் பயிற்சி. குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வெளியே காத்திருந்து "சரிசெய்து" வாங்கிக்கொண்டு போக முடியாது.

மாத்திரைக்கு வருகிறேன். லேசான, நடுத்தர அளவுச் சிக்கல்களுக்கு முதலில் பேச்சு சிகிச்சைதான். அது போதாதபோது, அல்லது பிள்ளை எழுந்து உட்காரவே முடியாத அளவு சோர்வில் இருக்கும்போது, மருந்து உண்மையாகவே உதவும். பேச்சு சிகிச்சையில் கலந்துகொள்ளும் அளவுக்கு அவளைத் தூக்கிவிடும். பிள்ளைகளின் மனச்சோர்வுக்கு அதிகம் ஆராயப்பட்ட மருந்து ஃப்ளூவாக்ஸெட்டின். இந்த வகை மருந்துகள் பழக்க அடிமையாக்குபவை அல்ல. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கலாம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவ்வகை மருந்துகளின் விவரக்குறிப்பில் கறுப்புக் கட்டத்தில் எச்சரிக்கை அச்சிட உத்தரவிட்டது. மருந்து எடுத்த பிள்ளைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது. அந்த ஆய்வுகளில் உயிரிழப்பு இல்லை. அதனால்தான் முதல் சில வாரங்கள் அடிக்கடி வந்து காட்டச் சொல்வார்கள். மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று சொன்னால், "முதல் மாதத்தில் யார் பார்ப்பார்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் நான் சொல்லியே ஆகவேண்டிய விஷயம். அவளிடம் நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணியிருக்கா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு எண்ணம் கூடவில்லை. ஏற்கனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டதே சற்று ஆறுதலாக இருந்தது. அவள் "ஆமா" என்றால் கத்தாதீர்கள், அழுதாலும் பரவாயில்லை. "சொன்னதுக்கு நன்றி, இனிமே நீ தனியா இல்ல" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து, கூர்மையானவை எல்லாவற்றையும் பூட்டுங்கள் அல்லது அப்புறப்படுத்துங்கள். தற்கொலை உந்துதல் பல நேரம் மணிக்கணக்கில்கூட நீடிப்பதில்லை, நிமிடங்களில் தணிகிறது. அந்த நிமிடங்களில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பது உயிரைக் காப்பாற்றுகிறது.

எப்படி என்று திட்டம் வைத்திருக்கிறாள், பிடித்த பொருட்களை எடுத்துக் கொடுக்கிறாள், யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது என்கிறாள், நாள்கணக்கில் சாப்பிடவில்லை என்றால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கையில் கீறிக்கொண்டதைப் பார்த்தால், முதலில் காயத்துக்கு மருந்து போடுங்கள், கேள்வி அப்புறம். பல பிள்ளைகளுக்கு அது சாக நினைத்துச் செய்தது இல்லை, தாங்க முடியாத உணர்ச்சியைத் தணிக்கத் தெரிந்த ஒரே வழி. ஆனாலும் அதை ஆபத்தின் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு விரைவாக உதவி தேட வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு எந்த மையமும் திறந்திருக்காது. அந்த நேரத்துக்குத்தான் ஹெல்ப்லைன்கள். அவை எப்படி வந்தன என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1935-இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் நடத்திய முதல் இறுதிச் சடங்கு, தற்கொலை செய்துகொண்ட ஒரு பதின்வயதுச் சிறுமிக்கு. அவளுக்கு முதல் மாதவிடாய் வந்திருந்தது. ஏதோ கெட்ட நோய் என்று நினைத்துக்கொண்டாள். கேட்பதற்கு அவளுக்கு யாரும் இல்லை. அந்தச் சிறுமியை மறக்க முடியாமல்தான் 1953-இல் லண்டனில் ஒரு தொலைபேசி எண்ணை வைத்து சமாரிட்டன்ஸ் என்ற சேவையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கென்றே தனி எண் பிரிட்டனில் 1986-இல் வந்தது, சைல்ட்லைன். இன்று பல நாடுகளில் அப்படி எண்கள் இருக்கின்றன. ஹெல்ப்லைனில் நோயைக் கண்டறிய மாட்டார்கள், தொடர் சிகிச்சை தர மாட்டார்கள். அந்த இரவைக் கடக்க உதவுவார்கள். உங்கள் நாட்டின் எண்ணை அவளுடைய போனில் நீங்களே பதிந்து கொடுங்கள். குரலில் பேச வெட்கப்படும் பிள்ளைகளுக்கு எழுத்தில் உரையாடும் வசதியும் பல இடங்களில் உண்டு. நீங்களும் அழைக்கலாம், பெற்றோருக்கும் அவர்கள் பதில் சொல்வார்கள்.

காத்திருப்புப் பட்டியல் எல்லா நாட்டிலும் நீளம். பெயரைக் கொடுத்துவிட்டு சும்மா இருக்க வேண்டாம். நிலைமை மோசமானால் யாரை அழைப்பது என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "யாராவது வராமல் நேரம் காலியானால் எங்களைக் கூப்பிடுங்கள்" என்று அங்கே சொல்லி வையுங்கள். மோசமானால் மறுபடி அழைத்துச் சொல்லுங்கள், பட்டியலில் இடம் முன்னுக்கு வரலாம். அதுவரை பள்ளிக் கவுன்சலரை வாரம் ஒருமுறை பார்க்கட்டும். இணையவழிப் பயிற்சிகள், செயலிகள் லேசான பதற்றத்துக்கு ஓரளவு உதவுகின்றன, பின்னால் ஒரு மனிதர் இருந்து கவனிக்கும் வகை மேல்.

இரண்டு கதவுகளுக்கு நடுவே தொலைவது என்று சொன்னேனே. நான் இரண்டு வருடம் பார்த்த ஒரு பையனுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. விதிப்படி பெரியவர்களுக்கான சேவைக்கு மாற்றினோம். பரிந்துரைக் கடிதம் போனது. அது அங்கே ஒரு மேசையில் கிடந்திருக்கிறது. அவர்கள் அவன் வருவான் என்று இருந்தார்கள், அவன் அவர்கள் அழைப்பார்கள் என்று இருந்தான், நான் அவன் அங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்று இருந்தேன். ஏழு மாதம். மருந்து தீர்ந்து, கல்லூரி நின்று, அவனுடைய அக்கா எங்களைத் தேடி வந்தபோதுதான் தெரிந்தது. அவன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த ஏழு மாதத்தை அவனுக்கு யாரும் திருப்பித் தர முடியாது. அதிலிருந்து, மாற்றும்போது புதியவரோடு முதல் சந்திப்பில் நானும் கூட உட்காருகிறேன். உங்கள் மகளுக்கு அந்த வயது வர நான்கு வருடம் இருக்கிறது, ஆனால் யாரிடமிருந்து யாருக்கு அனுப்பினாலும், "அவர்கள் அவளைப் பார்த்தாகிவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அனுப்புகிறவரிடம் கேளுங்கள்.

பள்ளிக்கு எவ்வளவு சொல்வது என்று அவளோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. "சிகிச்சையில் இருக்கிறாள், சில வாரம் இந்த ஏற்பாடு வேண்டும்" என்பது போதும். விவரம் தெரிந்தவர் ஒரே ஒரு ஆசிரியராக இருக்கட்டும்.

சில இடங்களிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இத்தனை நாளில் முழுக்கக் குணம் என்று வாக்குக் கொடுப்பவர், பிள்ளையைத் தனியாகப் பார்க்கவே மறுப்பவர், அவளை உங்கள் முன்னால் அவமானப்படுத்துபவர், ஒருபாலீர்ப்பை "மாற்றித்தருகிறேன்" என்பவர். அப்படி இல்லாமல் வெறுமனே அவளுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்றால், மூன்று சந்திப்பு பார்த்துவிட்டு வேறு ஒருவரைக் கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எங்களுக்கு அது பழக்கமான விஷயம்.

இனி அவளிடம் சொல்வது. சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது வேண்டாம். முகத்துக்கு முகம் உட்கார்ந்தும் வேண்டாம். காரிலோ நடக்கும்போதோ, இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். "உனக்கு ஏதோ பிரச்சனை" என்று தொடங்காமல் நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: ரொம்ப நாளா சரியா தூங்கல, காலைல வலியோட எந்திரிக்கிற, அதப் பார்க்க எனக்குக் கஷ்டமா இருக்கு. இதுக்குன்னே பழகினவங்க இருக்காங்க, ஒரே ஒரு தடவை போய்ப் பார்ப்போம், பிடிக்கலைன்னா என்ன பிடிக்கலைன்னு சொல்லு, வேற ஆள் தேடலாம். உள்ள நீ என்ன பேசினாலும் நான் கேட்க மாட்டேன்.

முடியாது என்று கதவைச் சாத்திக்கொண்டால், சரி, இந்தத் தடவை நான் மட்டும் போறேன், எப்படி உன்கூட இருக்கறதுன்னு கத்துக்கப் போறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் அவள் கதவுக்குள்ளிருந்து, "என்ன கேட்டாங்க?" என்று கேட்கக்கூடும்.